சுவரில் துடைத்த குங்குமம்

சாமியறைக் கதவருகே, தோள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புக் கறை இருந்தது. பிள்ளைகள், அது உங்கள் அம்மா பொட்டு வைத்த பிறகு விரலில் மிஞ்சும் குங்குமத்தைத் துடைத்துத் துடைத்து வந்த கறை. இந்த வெள்ளவத்தை பிளாட்டுக்குக் குடிவந்த கிழமையே தொடங்கிவிட்டாள்.

"இஞ்சேரும், இது வீடு, கோயில் தூண் இல்லை" என்பேன்.

"கோயிலிலை ஐயர் ஏசுறார், இஞ்சை நீங்கள் ஏசுறியள். நான் விரலை எங்கை கொண்டுபோய்த் துடைக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே துடைப்பாள்.

அம்மா போன பிறகு அந்த இடத்தில் தூசுகூடத் தட்ட நான் யாரையும் விடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை விளக்கேற்றிவிட்டுப் பேக்கரியில் பாண் வாங்கக் கீழே இறங்கினேன். கடல் பக்க யன்னலைச் சாத்த மறந்துவிட்டேன். அம்மா ஒருநாளும் மறந்ததில்லை. காற்றில் திரைச்சீலை விளக்கில் பட்டுப் பற்றியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து, ஈரச் சாக்குப் போட்டு அணைத்திருந்தார்கள். சாமிப்படங்கள் எரிந்துபோயின. சுவர் முழுக்கக் கரி. கறை எந்த இடத்தில் என்றே தெரியவில்லை.

கொட்டாஞ்சேனையில் இருக்கும், பெயின்ற் அடிக்கும் பாஸுக்குப் போன் எடுத்தேன். "மத்தியானம் வாறேன் ஐயா. அதுவரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கரி உள்ளே இறங்கினால் அடியில் இருக்கும் சிவப்பும் போய்விடுமே என்று பயம். சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து, முதலில் அந்த இடத்தைத்தான் தேய்த்தேன். கறுப்புத் தண்ணீர் வழிந்தது. பிறகு துணியில் மெல்லிய சிவப்புத் தெரிந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அது சுவரை விட்டுத் துணிக்கு வந்துவிட்ட குங்குமம் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பாஸ் வந்ததும் சுவரைப் பார்த்தார். "தண்ணி வச்சிட்டீங்களே!"

ரொட்டிக்குப் பிசைவதுபோலக் கோதுமை மாவைப் பிசைந்து, கதவின் மற்றப் பக்கத்துச் சுவரில் ஒற்றி ஒற்றி எடுத்தார். கரி மாவோடு வந்தது. நான் எப்போதோ பேனையால் கிறுக்கி வைத்த காஸ் சிலிண்டர்காரரின் போன் நம்பர், ஓர் இலக்கமும் அழியாமல் வெளியே வந்தது. அம்மா ஏசுவாள், சுவரில் எழுதாதேங்கோ என்று. என் கிறுக்கல் தப்பிவிட்டது.

"அந்தப் பக்கம் என்னா இருந்துச்சு ஐயா?"

"ஒண்டுமில்லை பாஸ். ஒரு கறை."

"கறைதானே? போனது நல்லதுதான்" என்றுவிட்டுப் பெயின்ற் வாளியைத் திறந்தார்.

நீங்கள் போனில் வீட்டைக் காட்டச் சொன்னபோது கமெராவை அந்தப் பக்கம் திருப்பாமல் சமாளித்தேன். "அம்மாவின்ரை இடம் அப்பிடியே இருக்கோ, அப்பா?" என்று, மகள், நீ கேட்டாய். ஓம் என்றேன். அது பொய், பிள்ளைகள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது சாமியறை முழுக்க வெள்ளை. மின்சார விளக்குத்தான். காலையில் அம்மாவின் படத்துக்குப் பொட்டு வைக்கிறேன். மிஞ்சிய குங்குமத்தோடு விரல் தானாகக் கதவருகே போகிறது. ஆனால் அது அம்மாவின் விரல் இல்லை, என் விரல். உடுத்திருக்கும் சாரத்தில் துடைத்துக்கொண்டு, யன்னலைச் சாத்திவிட்டு வருகிறேன்.