நல்ல நாளில் போர்த்திய இறக்கை

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் வாழும் விட்பி நகரில், எங்கள் கராஜில் நான்கு ஆண்டுகளாகக் கார் நின்றதில்லை. யாரோ பாதி கட்டிக் கைவிட்ட, இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றை நானும் நண்பர் ஒருவரும் வாங்கி, காட்டுப்புறத்துக் குறுகிய தரையிலும் இறங்கத்தக்கதாக அதன் இறக்கைகளை மாற்றியமைத்து வந்தோம். நண்பர் மன்னார்க் கத்தோலிக்கர். என்னிலும் ஏழு வயது மூத்தவர். விமானம் ஓட்டும் உரிமம் அவரிடம் மட்டுமே இருந்தது. முதலில் பறக்கப் போகிறவரும் அவரே.

இறக்கைச் சட்டத்தின் உட்புறத்தை விமானப் பரிசோதகர் பார்த்த பின்னரே அதன்மேல் துணி போர்த்தலாம் என்பது விதி. பனிப்பொழிவினால் அவர் வருகையைப் பத்து நாள் தள்ளிவைத்தார். பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். கார்த்திகையில் எஞ்சியிருந்த நல்ல நாள் ஒன்றே, அதன்பின் மார்கழி. நண்பர் தம் மகள் வீட்டுக்குப் போயிருந்த அந்த வியாழக்கிழமை, நான் தனியாகவே இடது இறக்கைக்குத் துணி ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டி இறுக்கினேன். தட்டினால் மத்தளம்போல் ஒலித்தது. அதன் அழகில் மயங்கி நெடுநேரம் நின்றேன்.

திரும்பி வந்த நண்பர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“உது என்ன வேலை? இன்ஸ்பெக்டர் வரமுதல் போர்த்திட்டீரோ?”

“வியாழன் நல்ல நாள் அண்ணை. விட்டால் மார்கழி பிறந்திடும்.”

“அந்த மனுசனுக்கு எப்ப நல்ல நாள் எண்டு கேட்டனீரோ?”

“உள்ளுக்கு எல்லாம் படம் எடுத்து வைச்சிருக்கிறன்.”

படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பறக்கையில் விமானத்தை இடம் வலமாகச் சாய்த்துத் திருப்பும் கம்பிவடம் நாங்கள் புதிதாகப் பொருத்திய கப்பி ஒன்றின்மேல் ஓடியது. அக்கப்பியைத் தாங்கும் மரையாணி கழன்றால் விமானம் கையை மீறிவிடும். கழலாதிருக்க, ஆணியின் முனைத் துளையில் இரு கால் கொண்ட சிறு கம்பிப் பின் ஒன்றைச் செருகி, அதன் இரு கால்களையும் மடக்க வேண்டும். அந்த இடத்துப் படத்தில் மட்டும் என் தோளின் நிழல் விழுந்திருந்தது.

“பின் போட்டனீரோ?”

“போட்டனான் எண்டுதான் நினைக்கிறன்.”

“உம்மட நினைப்பில ஏறி நான் பறக்கேலாது, ஐசே.”

அவர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, தேநீர் கேட்டார். தேநீருக்கு முன்பாகவே நான் கத்தியை எடுத்தேன். இறுகியிருந்த துணி, முனை பட்டதும் சட்டென்று விலகியது. உள்ளங்கையளவு வட்டமாக வெட்டி, விளக்கைப் பிடித்தேன்.

அந்தப் பின் இருந்தது. அதன் கால்கள் மடக்கப்படாமல் நேராக நின்றன. விரலால் இழுத்தேன், எளிதாகக் கையோடு வந்தது. அதை நண்பரின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “புதுசு ஒண்டு எடும். இதைத் திருப்பிப் போடாதையும்” என்றார்.

பரிசோதகர் வந்து மேலும் மூன்று இடங்களில் வெட்டச் சொன்னார், வெட்டினோம். அம்மூன்றையும் ஒட்டி மூட அனுமதித்தார். முதல் துளையை ஒட்ட நண்பர் விடவில்லை. அதற்கு வளையமும் திறந்து மூடும் தகரமூடியும் பொருத்தச் சொன்னார். மார்கழி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை அதைப் பொருத்தினேன்.

“இண்டைக்கு நாள் எப்பிடி?” என்று கேட்டார்.

“பார்க்கேல்லை அண்ணை.”

விமானம் இப்போது பறக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறுமுன் நண்பர் அம்மூடியைத் திறந்து, விளக்கடித்துப் பார்க்கிறார். பின்னர் விளக்கை என்னிடம் நீட்டுகிறார். நானும் பார்த்த பிறகே மூடுகிறார்.