மச்சான் தலையாட்டிய காலை

காலை ஏழு இருபது. நான் முதலில் கண்டது துவக்கின் குழலை. அடுத்து, அதற்கு நேர்முன்னால் குனிந்து நின்ற சிஞ்ஞோரின் முதுகை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, செப்டம்பர் மாதத்து ஞாயிறு. பலெர்மோவுக்கு மேலே உள்ள தோட்டம். சிஞ்ஞோர், நான் வேலை செய்யும் வீட்டுக்காரர். வேட்டை உரிமம் அவரிடம் மட்டுமே இருந்தது. என் மனைவியின் தம்பி அந்தோனியிடம் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோகூட இல்லை. ஆனாலும், நான் அங்கே வருமுன்பே சிஞ்ஞோர் அவனிடம், "நான் பக்கத்தில் நிற்கிறேன், தக்காளி டின்னைச் சுட்டுப் பார்" என்று துவக்கைக் கொடுத்தார்.

கொடுத்தவர் நாயைக் கட்டப் போனார். அந்த இடைவெளியில் அந்தோனி தானே தோட்டா போட்டுவிட்டான். திரும்பி வந்த சிஞ்ஞோர், "தோட்டா போட்டாயா?" என்று இத்தாலியனில் கேட்டார். அவன் தலையை இருபுறமும் ஆட்டினான். எங்களுக்கு அது ஓம். அவருக்கு அது இல்லை. காற்றில் விழுந்த டின்னை நிமிர்த்த நடந்தார்.

ஒரு கண்ணை மூடச் சொன்னால் அந்தோனி இரண்டையும் மூடியிருந்தான். விரல் விசையில். கத்தினால் திடுக்கிட்டு அழுத்திவிடுவான். என் கால் எழவில்லை. "மடு மாதாவே, அவன்ர கையைப் பிடியுங்கோ." அவ்வளவுதான் வந்தது.

அந்தோனியின் வலது கை விசையை விட்டு எழுந்தது. நெற்றி. மார்பு. இடது தோள். வலது தோள். பஸ் ஏறுவதற்கும் சிலுவை போடுகிறவன் அவன். என் கால் எழுந்தது. ஓடிப்போய்க் குழலை நிலத்துக்குத் தாழ்த்தினேன்.

"என்ன அத்தான், குழப்பிப்போட்டியள்?"

"கண்ணைத் திறந்து பாரடா, ஆர் நிக்கிறார் எண்டு."

பார்த்தான். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். "நான் ஓம் எண்டுதானே சொன்னனான்?"

"வாயாலயோ சொன்னனீ?"

சிஞ்ஞோர் துவக்கைத் திறந்தார். உள்ளே இருந்த தோட்டாக்களைப் பார்த்தார். பிறகு அவரும் சிலுவை போட்டார். அவர் அப்படிச் செய்து நான் அதுவரை கண்டதில்லை.

நான் கையைப் பிடிக்கச் சொல்லிக் கேட்டேன். மாதா அதை எடுத்து நெற்றியில் வைத்தார். பழக்கம் என்பார்கள் சிலர். பழக்கந்தான். அது அந்த நொடியில் வந்ததற்கு நான் நன்றி சொல்கிறேன். நீண்ட செபம் வராத நேரத்திலும் பயப்படாதீர்கள். வாயில் வரும் நாலு சொல்லோடு கேளுங்கள்.

அந்தோனிக்கு பெர்மெஸ்ஸோ கிடைத்துவிட்டது. ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையில் வேலை. ஞாயிறு காலையில் இருவரும் பூசைக்குப் போகிறோம். கேட்டதற்கெல்லாம் வாயால் பதில் சொல்கிறான்.

போன ஞாயிறும் சிஞ்ஞோர் வேட்டைக்குப் போனார். நாயை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்.