எட்டுக் குரல்களில் ஒன்று

வீப்கே லூர்ஸின் குரலை, ஹாம்பர்க்கை ஒட்டிய அல்டோனா ஊரின் மீன்சந்தையில் அறியாதவர் இல்லை. எல்பே ஆற்றில் பனி மூடி எதிர்க்கரை தெரியாத காலைகளிலும், புகையில் வாட்டிய விலாங்கு மீனை அவள் கூவி விற்பது படகுக்காரர்களுக்குக் கேட்கும். அந்தக் குரலைத் தேவாலயத்தில் கேட்ட ஒருவர்தான் அவளை ஹாம்பர்க்கின் பெரிய பாடகர் குழுவில் சேர்த்துவிட்டார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் மீன்புகை வாசம் போகாது. பக்கத்தில் நிற்கும் வக்கீல் வீட்டம்மா மெல்ல நகர்ந்து கொள்வாள். வீப்கே அதைக் கண்டுகொள்ளவில்லை.

முதல் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்பு, யாரும் அதுவரை கேட்டிராத ஒரு புதிய இசை அந்தக் குழுவுக்கு வந்தது. இரண்டு பாடகர் அணிகள், எட்டுக் குரல் வரிசைகள், பெரிய வாத்தியக் குழு, போதாததற்குக் காற்றுக்குழாய்களால் முழங்கும் ஆர்கன் வேறு. குளிர்காலம் முழுவதும் ஒவ்வொரு வரிசையும் தனித்தனியாகப் பயிற்சி செய்தது. வீப்கேயின் வரிசை பெண்களின் கீழ்க்குரல். பக்கம் பக்கமாக அதே நாலைந்து சுரங்கள்தான்.

அதை அவள் வீட்டில் பாடிப் பார்க்கும்போது, கப்பல் பட்டறையில் கொதிகலன் செய்யும் அவள் கணவன் ஹின்ரிக்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இது பாட்டா? பசு கன்னைக் கூப்பிடற மாதிரி இருக்கு."

"நீ சூப்பைக் குடி" என்றாள். உள்ளூர அவளுக்கும் அதே எண்ணம்தான்.

எல்லோரும் சேர்ந்த முதல் ஒத்திகையில் நடத்துநர் பிராண்டிஸ் கையை உயர்த்தினார். ஆர்கன் முழங்கியது. காலடிப் பலகை அதிர்ந்தது. முன்னாலிருந்து, பின்னாலிருந்து, தலைக்கு மேலிருந்து குரல்கள் எழுந்தன. அவள் மாதக்கணக்கில் முனகிய அந்த நாலைந்து சுரங்கள் இவ்வளவுக்கும் அடியில் தரையாகக் கிடந்தன. மற்றதெல்லாம் அவற்றின்மேல் எழும்பி நின்றது. வீப்கேயின் வாய் திறந்தபடியே இருந்தது, குரல் வரவில்லை. கண்ணீர் தாடையில் இறங்கியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பிராண்டிஸ் கோலால் தட்டி எல்லாவற்றையும் நிறுத்தினார். "அங்க, கீழ்க்குரல்ல, நீலச் சால்வை போட்ட அம்மா! ஏன் பாடாம நிக்கிறீங்க?"

"கேட்டுக்கிட்டு இருந்தேன் ஐயா."

மண்டபமே சிரித்தது. பிராண்டிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "நானும் அப்படிக் கேட்டுக்கிட்டே நிக்கணும்னுதாம்மா பார்க்கிறேன். நான் கையை நிறுத்தினா எல்லாரும் நின்னுடுவீங்களே" என்றார்.

அரங்கேற்றத்தன்று அவள் ஒரு சுரம் விடாமல் பாடினாள். கடைசி ஓசை அடங்கிய பிறகும் யாரும் கைதட்டவில்லை. அத்தனை பெரிய மண்டபம் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தது. பிறகுதான் கைதட்டல் இடியாக இறங்கியது.

மாடி இருக்கையிலிருந்து இறங்கி வந்த ஹின்ரிக் தொப்பியைக் கசக்கிக்கொண்டே நடந்தான். பாலம் தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினான்.

"உன் குரல் எதுன்னு தேடித் தேடிப் பார்த்தேன். கண்டுபிடிக்கவே முடியலை."

"அப்போ நான் சரியாப் பாடியிருக்கேன்."

போர் வந்தது. குழுவின் ஆண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஹின்ரிக்கும் போனான். மீன்சந்தை காலியானது. மாட்டுக்குப் போடும் டர்னிப் கிழங்கே நகரத்துக்குச் சோறான அந்தக் குளிர்காலத்தில், வீப்கே ரொட்டிக் கடை வரிசையில் பனியில் நின்றாள். பசியில் தன்னையறியாமல் அந்த நாலைந்து சுரங்களை முனகினாள்.

பின்னாலிருந்து மெல்லிய குரலொன்று அதன்மேல் ஏறியது. அந்த இசையின் மேற்குரல், அப்படியே, ஓரிடமும் தவறாமல்.  நிறுத்தினால் மறைந்துவிடுமோ என்று திரும்பிப் பார்க்கவும் பயந்து, வீப்கே பாடிக்கொண்டே நின்றாள். வரிசையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள்.

பாடி முடித்துத் திரும்பினாள். ஆண்பிள்ளைக் கோட்டு போட்ட ஒல்லியான பெண் ஒருத்தி.

"கீழ்க்குரலா?" என்று கேட்டாள் அவள்.

"ஆமா. நீங்க எதிர் அணியா?"

"ஆமா, மேல் வரிசை. என் பேர் ஆல்வினே பெட்சோல்ட். உங்களை ஞாபகம் இருக்கு. 'கேட்டுக்கிட்டு இருந்தேன்'னு சொன்னது நீங்கதானே?"

அன்று அவர்கள் முறை வருமுன்பே ரொட்டி தீர்ந்துபோனது. இருவரும் கைகோத்து வீப்கேயின் வீட்டுக்கு நடந்து, கிழங்கு வேகவைத்துத் தின்றார்கள்.

அந்த இசையை நிகழ்த்தும் அளவுக்குக் குழுவில் பிறகு ஆட்கள் சேரவே இல்லை. ஆல்வினே ஞாயிறுதோறும் வந்தாள். காலில் குண்டடிபட்டுத் திரும்பிய ஹின்ரிக், இரண்டு பெண்களும் அடுப்படியில் நின்று பாடுவதைப் பார்த்தான்.

"எட்டுக் குரல்ல இது ரெண்டுதானே. மீதி ஆறு?"

"எங்களுக்குக் கேக்குது" என்றாள் வீப்கே.

அவன் கேலி பேசவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு நாற்காலியை அடுப்படிக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டான்.