சவிரிமுத்து அண்ணை பாடாமல் விட்ட சரணம்

வெள்ளவத்தையில் தங்கை வீட்டில் காய்ச்சலோடு கிடந்தேன். துறைமுகத்தில் என்னோடு வேலை செய்யும் அந்தோனி மத்தியானம் வந்து வாசலிலேயே நின்றான். "சவிரிமுத்தண்ணை போயிட்டார். மூண்டாம் விஞ்சின்ர வடம் அறுந்திட்டுது" என்றான். கப்பலின் அடித்தட்டில், அந்தப் பாரந்தூக்கும் விஞ்சுக்குக் கீழே, மூட்டை ஏற்ற அன்று இறங்கியிருக்க வேண்டியவன் நான். எனக்குப் பதிலாக அவர் இறங்கியிருக்கிறார்.

கொட்டாஞ்சேனையில் அவருடைய கிற்றாரைக் கேட்காதவர்கள் குறைவு. ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் வந்த ஒரு கறுப்பு அமெரிக்க மாலுமியிடம் பழகிய வாசிப்பு அது. பெருவிரல் தடித்த நரம்புகளில் நடைபோடும். மற்ற விரல்கள் பாட்டைப் பின்னும். அவர் அதை 'புளூஸ்' என்பார், எங்கள் மாதா கோயில் சுவாமியார் ஒப்பாரி என்பார். "ரெண்டும் ஒண்டுதான் சுவாமி. ஒப்பாரி வைக்கிறவையள் நெஞ்சில அடிக்கினம், நான் நரம்பில அடிக்கிறன்" என்று சிரிப்பார்.

துறைமுகப் பாட்டு அவரே கட்டியது. சரணத்துக்கு ஒருவராக, வேலையில் செத்தவர்களின் பேர் வரும். கடைசிச் சரணத்துக்குச் சொல் கிடையாது, பெருவிரல் மட்டும் நடக்கும். ஒருநாள் கேலியாக, "அண்ணை, அதில என்ர பேரைப் போடுங்கோவன்" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "வாயைப் பொத்தடா. உயிரோட இருக்கிறவன்ர பேர் அதில வரப்படாது."

அவர் போவதற்கு முந்திய சனிக்கிழமை, கோயில் திருநாள் கச்சேரி. முன்வரிசையில் எங்கள் கங்காணியார் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். துறைமுகப் பாட்டின் கடைசிச் சரணத்துக்கு முன் அண்ணை நிறுத்தினார். "மூண்டாம் விஞ்சின்ர வடம் இழை விடுது, ஐயா. மாத்தாட்டி இந்தச் சரணத்துக்கு ஆள் வரும்" என்று சொல்லிவிட்டுப் பெருவிரலை ஓட்டினார். பின்னால் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். வாசித்து முடிந்ததும் கங்காணியார் எழுந்து கைதட்டி, "வன்ஸ்மோர்!" என்று கத்தினார். மண்டபமே சேர்ந்து கத்தியது. அண்ணை மறுபடி வாசித்தார். முழுநேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாளே, அறுந்த வடத்தை ஒட்டுப்போட்டு மூன்றாம் விஞ்சை ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். இனி அடித்தட்டில் நான்தான்.

அவரை அறிந்தவர்களே, கடைசிச் சரணத்தில் இப்போது அவர் பேரைப் பாடுகிறோம். அதற்குப் பின் இன்னொரு வெறும் சரணம் வரவேண்டும், வாசிக்க ஆள் இல்லை. கதிரையின் கைப்பிடியில் பெருவிரலால் நான் தட்டுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தட்டும், கடைசிவரை அவர் பாட மறுத்த என் பேரும்தான்.