மனேஜருக்கு ஏன் இந்த அக்கறை?

மூன்று மாதம் இருக்கும். எங்கள் மனேஜர் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டு, "அண்ணை, நல்லா நித்திரை கொள்ளுறீங்களோ?" என்று கேட்டார்.

உங்களுக்கு எப்படியோ தெரியாது. இருபத்தாறு வருடம் ஒரே இடத்தில் வேலை செய்த என்னிடம் மேலதிகாரி ஒருவர் திடீரென்று நித்திரையைப் பற்றி விசாரித்தால், எனக்கு வருகிற எண்ணம் ஒன்றுதான். இந்த மனுசனுக்கு என்னிடம் என்ன வேண்டும்?

பத்திரிகைக்குப் பத்தி எழுதுவது என் ஞாயிற்றுக்கிழமை உத்தியோகம். மற்ற நாட்களில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பார்சல் கொம்பனியில் கவுண்டரில் இருக்கிறேன். மொத்தம் ஒன்பது பேர். மனேஜர் இந்த ஊர்க்காரர்தான், ஆனால் பதினைந்து வருடம் கொழும்பில் வேலை செய்தவர். அங்கே ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்த கையோடு, நோட்டீஸ் போர்ட்டில் ஒரு தாளை ஒட்டினார். செவ்வாய்க்கிழமைகளில் உளவளத்துணையாளர் ஒருவர் வருவார். மனக்கஷ்டம் உள்ளவர்கள் பெயரையும் நேரத்தையும் தாளில் எழுதலாம்.

நோட்டீஸ் போர்ட்டில்... பார்சல் அனுப்ப வருகிற சனமெல்லாம் பார்க்கிற இடத்தில்!

கொழும்பில் அது சரிவரலாம். இங்கே கலியாணம் பேசுகிறவர்கள் முதலில் சாதகம் பார்ப்பார்கள். அடுத்ததாக, வேலை செய்கிற இடத்துக்கு ஓர் ஆளை அனுப்புவார்கள். அவர் சும்மா வருகிற மாதிரி வந்து, "பிள்ளை எப்பிடி?" என்று கேட்டுவிட்டுப் போவார். பதினைந்து வருடத்தில் மனேஜர் இதை எப்படி மறந்தார்? மறந்தாரா, அல்லது வேண்டுமென்றே ஒட்டினாரா?

தாளில் ஒரே ஒரு பெயர் விழுந்தது. தர்சினி.

உடுப்பிட்டியில் இருந்து வருகிற பிள்ளை, இருபத்தொன்பது வயது. முறைப்பாட்டு ரெலிபோனுக்குப் பதில் சொல்வதுதான் வேலை. தொலைந்த பார்சல், உடைந்த பார்சல், பிந்திய பார்சல் — எல்லாவற்றுக்கும் காலை எட்டரையில் இருந்து அவள்தான் ஏச்சு வாங்க வேண்டும். கொஞ்ச நாளாக மணி அடித்தாலே கை நடுங்கியது. நாங்கள் எல்லோரும் கண்டோம். காணாத மாதிரி இருந்தோம்.

அவளுக்குக் கனடா மாப்பிள்ளை ஒருவரையும் அப்போது பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் போய் மெதுவாகச் சொன்னேன். "பிள்ளை, உதிலை பேர் எழுதாதையும். உது ஆக்களைப் பாத்து வீட்டுக்கு அனுப்புறதுக்குச் செய்யிற வேலை. கலியாணமும் பேசுகினமெல்லே."

அன்று பின்னேரமே பெயர் வெட்டப்பட்டிருந்தது. ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெரிய பெருமை.

பெருமை ஒரு கிழமைதான் நின்றது. யாரோ ஒருவர் உடைந்த பார்சலுக்காக ஏசிக்கொண்டிருக்க, தர்சினி ரிசீவரைக் காதில் வைத்தபடி அப்படியே நின்றாள். கண்ணீர் மட்டும் ஓடியது. மறுமுனையில் அந்த ஆள் "ஹலோ, ஹலோ" என்று கத்துவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

மனேஜர் வந்து ரிசீவரை வாங்கினார். அன்று முழுக்க அந்தக் கதிரையில் அவரே இருந்தார். பத்து நிமிடத்தில் காது சிவந்துவிட்டது. அடுத்த நாளில் இருந்து அந்த ரெலிபோனுக்கு எல்லோரும் முறை வைத்து இருக்க வேண்டும், அவரும் உட்பட.

தாளையும் அவரே கிழித்தார். அதை அங்கே ஒட்டியது தன் பிழை என்றார். இனிமேல் ஒன்பது பேரும் ஒவ்வொருவராக, செவ்வாயில் வருகிற அந்த உளவளத்துணை அம்மாவிடம் போகவேண்டுமாம். முதல் ஆள் தானாம். உள்ளே என்ன கதைத்தாலும் கொழும்பில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்கு ஒரு சொல்லும் போகாதாம்.

நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை. தர்சினி அழுததற்கு என் வாயும் ஒரு காரணம் என்பது உறுத்தியது, உண்மை. ஆனால் உறுத்தல் வேறு, சந்தேகம் வேறு. முதலில் ஒருவரைப் பிடிக்கப் பார்த்தார்கள், இப்போது மொத்தமாகவா? என் முறை வந்த செவ்வாய்களில் எல்லாம் நான் களஞ்சிய அறைக்குள் பார்சல் தேடிக்கொண்டிருந்தேன். தர்சினி போனாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கை நடுக்கம் குறைந்தது. ரெலிபோன் முறை மாறியதால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் அரியாலையில் இருந்து ஒருவர் சின்னப் பார்சல் ஒன்றோடு வந்தார். வந்த விதத்திலேயே விளங்கிவிட்டது, கலியாணத்துக்கு விசாரிக்க வந்த ஆள். கனடா மாப்பிள்ளையின் மாமாவாம். பார்சலைத் தராசில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, இஞ்சை வேலை செய்யிற தர்சினி, மனவருத்தத்துக்கு ஆரிட்டையோ போறதாம். உண்மையோ?"

இல்லை என்றால் பொய், வேறு யாரிடமாவது விசாரித்துப் பிடித்துவிடுவார். ஓம் என்றால் கலியாணம் குழம்பும், அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் தடவையும் என் வாயாலேயே கெடுதல் வரும். சத்தியமாகப் பயந்துவிட்டேன். பக்கத்து மேசையில் மனேஜர் குனிந்த தலை நிமிராமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றேன். "நாங்கள் எல்லாரும் போறனாங்கள். மனேஜரும் போறவர். நானும் போறனான்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"எங்கடை பெடியனும் கனடாவிலை உப்பிடி ஒராளிட்டைப் போறவன். பொம்பிளை வீட்டிலை சொல்லிப்போடாதேங்கோ."

இரண்டு பகுதியும் இவ்வளவு பாடுபட்டு ஒளித்தது ஒரே விசயத்தைத்தான். பேச்சுக் குழம்பவில்லை, இப்போது நாள் பார்க்கிறார்கள்.

அவர் போனதும் மனேஜர், வருகிற செவ்வாய் பத்து மணி என் முறை என்று மட்டும் சொன்னார். சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டுமே. போனேன்.

சின்ன அறை. இரண்டு கதிரை. கதவைச் சாத்தினேன், சாத்தியிருக்கிறதா என்று திரும்பவும் பார்த்தேன். அந்த அம்மா சிரித்த முகத்தோடு, "எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

"ஆர் கேக்கச் சொன்னது?" என்றேன்.