முங்கினால் எங்கே எழும்பும்

டெல்மன்ட்டுக்கு அண்ணி ஆர்வில்லா மேல் வருஷக்கணக்காக ஆறாத கோபம். தன் மிதவையே தனக்கு அடையாளம் தெரியாதவன் என்று அமெரிக்காவின் மெய்ன் கடற்கரை முழுக்க அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான்.

வேலை பார்த்த மத்தி மீன் ஆலையை மூடிய பிறகு அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பழைய பைனாகுலர் ஒன்றோடு கடல்வாத்து பார்க்கக் கிளம்பிவிட்டாள். முதுகு வெள்ளையென்றால் சாதா ஈடர் வாத்து. கறுத்த முதுகும் மூக்குக்கு மேல் ஆரஞ்சுப் புடைப்பும் இருந்தால் ராஜ ஈடர். அந்த ராஜாவை மட்டும் அவள் பார்த்ததே இல்லை. வண்டி ஓட்டப் போன டெல்மன்ட்டுக்கும் பைத்தியம் தொற்றியது.

ஒருநாள் அவன் குதித்தான். "அண்ணி, அதோ உங்க ராஜா. முங்கிட்டான் பாருங்க."

"முங்கின இடத்துலயே எழும்புது பாரு. வாத்துன்னா வேற இடத்துல எழும்பும். அது நீ பெயின்ட் அடிச்ச மிதவைடா."

அவனுடைய சிங்கி இறால் கூண்டின் மிதவைதான். ஆரஞ்சுத் தலை, கறுப்பு உடம்பு. கடலேற்றம் இறங்கி நீர் வற்றும்போது நீரோட்டம் பிடித்து இழுத்தால் மிதவையும் முங்கும். கடலிலேயே கிடப்பவன் அதை மறந்துபோனான். மறுநாளே கடையில் ஆளாளுக்குக் கேட்டார்கள், "டெல்மன்ட்டு, உன் வாத்து முட்டை போட்டுச்சா?"

இப்போது அண்ணிக்குக் கண்ணில் புரை. நாளைக் காலை மகள் வந்து தன் ஊரான பாங்கருக்கு அழைத்துப் போகிறாள். அங்கே கடல் கிடையாது. இன்று விடிந்ததிலிருந்து அவனை ஒரு கடல்முனையிலும் நிற்க விடவில்லை. காப்பி ஆறிப்போனது. டோனட் பிரிக்கப்படவே இல்லை.

"வண்டியத் திருப்பு. பழைய முனைக்கே போ."

"அங்கேருந்துதானே அண்ணி வர்றோம்."

"வாத்து உன்னக் கேட்டுக்கிட்டா நீந்தும்?"

திருப்பினான். வண்டி நிற்குமுன்னே கண்ணாடியை இறக்கி விரலை நீட்டினாள். "ஆரஞ்சு தெரியுது. முதுகு கறுப்பு. டெல்மன்ட்டு, ராஜாதானே?"

அவனுக்குப் பைனாகுலர் வேண்டியிருக்கவில்லை. இந்தத் தடவை தன் மிதவையை நன்றாகவே அடையாளம் தெரிந்தது. கயிறு விறைத்து நின்றது. நீர் வேகமாக வற்றிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் முங்கிவிடும். கை தானாகச் சாவிக்குப் போனது.

"குளிருது அண்ணி. கிளம்புவமா?"

அவள் பைனாகுலரைக் கழற்றி அவன் மடியில் வைத்தாள்.

"எனக்கு எல்லாம் மசமசன்னு இருக்கு. நீ பாரு. முங்கினா எங்க எழும்புதுன்னு சொல்லு."