ஜோடி கேஜும் போளூர் பயணமும்

ஒரு கார்புரேட்டர் வண்டிய பாக்குறவன் மெக்கானிக்; ரெண்டு கார்புரேட்டர் வண்டிய பாக்குறவன் பஞ்சாயத்து பண்றவன். இந்தத் தொழில்ல மாட்டிகினு முழிக்கிறவங்களே, உங்களுக்குத் தெரியாததா?

காது போதாதா?

ஆரணியில பட்டு நெய்யுற தேவராஜ், தன்னோட பழைய ரெட்டை சிலிண்டர் வண்டிய தள்ளிகினு வந்தாரு. ஒரே உதறல், போளூர் ரோட்டுல பாதி வழியில நின்னுபோச்சு. பின்னால உக்காந்திருந்த அவர் சம்சாரம் ரோஸி, ஞாயித்துக்கிழமை போளூர்ல இருக்குற அவங்கம்மா வீட்டுக்கு இதுல ஒழுங்கா போய்ச் சேரலைன்னா திங்கக்கிழமை வண்டி பழைய இரும்புக் கடைக்குன்னு சொல்லிட்டாங்களாம். மனுஷன் முகமே செத்துப்போச்சு. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. ரெண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காத்து இழுக்குதான்னு பாக்க, ஊசி வெச்ச வேக்கம் கேஜ் ரெண்டை மாட்டினேன். பக்கத்துக் கடை மெக்கானிக் சலீம் பாய் எட்டிப் பாத்தாரு: "இன்னாபா, காது இல்லியா உனக்கு? டாக்டர் மாதிரி குழாய் மாட்டிகினு கீற!"

பொய் சொல்ற கேஜ்

ஸ்க்ரூவைத் திருப்பி ரெண்டு ஊசியையும் சமமாக்கினேன். உதறல் இன்னும் மோசம்! சந்தேகப்பட்டு, ரெண்டு கேஜையும் மாத்தி மாத்தி ஒரே சிலிண்டர்ல மாட்டினா, ஆளுக்கொரு கணக்கு சொல்லுது. அட கஷ்டகாலமே! வாங்கும்போதே இப்படி மாட்டிப் பாத்து வாங்குங்க. ஊசி துடிக்காம அடக்குற குட்டி வால்வு குழாய்ல இருக்கான்னும் பாருங்க. வெக்கத்தை விட்டு சலீம் பாய்கிட்டயே போய் நின்னேன். அலமாரியிலேர்ந்து ஜோடி கேஜை எடுத்து நீட்டினாரு: "எனக்கு மட்டும் காது கேக்குதுன்னு யாருபா சொன்னது?"

முகூர்த்த நூல்

நல்ல கேஜ் போட்டும் வலது ஊசி ஏறவே மாட்டேங்குது. விடுவேனா? எஞ்சின் சூடேறாம டேபிள் ஃபேனை முன்னால வெச்சிகினு, ஒவ்வொரு ஜாயின்டா தடவிப் பாத்தேன். கார்புரேட்டரை எஞ்சினோட சேர்க்குற ரப்பர் மேல அரக்குக் கலர் பட்டு நூல்! நெருக்கமா, ஒரு இழை பிசகாம சுத்தியிருக்கு. அடியில ரப்பர் வெடிச்சு, காத்து அது வழியா உள்ள போய்கினே இருக்கு. நம்ம நெசவாளர் கைவேலைதான். நான் கத்திரிய எடுத்ததும் தேவராஜ் பதறிட்டாரு: "பாத்துங்க, முகூர்த்தப் புடவை நூலுங்க அது!"

திங்கக்கிழமை

புது ரப்பர் போட்டதும் ரெண்டு ஊசியும் ஒண்ணா நின்னுச்சு. ஆனாலும் திங்கக்கிழமை காலையில அந்த வண்டிச் சத்தம் கேட்டதும், பழைய இரும்புக் கடைக்குத்தான் போகுதோன்னு ஸ்பேனரைப் போட்டுட்டு வாசலுக்கு ஓடினேன். புருஷனும் பொண்டாட்டியும் வண்டியிலேயே வந்து எறங்கினாங்க. போளூர் போய் வர்ற வரைக்கும் எங்கயும் நிக்கலையாம்! தேவராஜ், "எனக்கும் ஒரு ஜோடி கேஜ் வாங்கிக் குடுங்க"ன்னு ஆரம்பிச்சாரு. ரோஸி அவரைப் பேசவே விடல: "வண்டி இருக்கட்டுங்கண்ணா, விக்கல. ஆனா அந்த மீட்டரை மட்டும் இவரு கண்ணுல காட்டிடாதீங்க. அப்புறம் தறியில யாரு உக்கார்றது?"

கார்புரேட்டரை ட்யூன் பண்றதோட நம்ம வேலை முடிஞ்சுதுங்க, வண்டிக்காரரை அவங்க வீட்டம்மா பாத்துக்குவாங்க.